ஃபியூசுக்குப் பதில் ஒற்றை இழை

பொற்கொடி இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறாள். கோயமுத்தூரில் கணபதி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. அன்னூர், அவிநாசி, சூலூர் என்று சுத்துப்பட்டில் எந்தத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் கருகினாலும் வண்டியில் போட்டு அங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கருகின கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்தில் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காய வைத்துக் கொடுப்பது அவள் வேலை. பட்டறையில் நாலு ஆம்பளைகள் இருந்தும் சிக்கலான மோட்டார் வந்தால் மேஸ்திரி அதை அவள் பக்கம்தான் தள்ளுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன தப்பு? தன் வேலையில் கூடக் கர்வப்படக் கூடாது என்றால் மனுஷி எதில்தான் படுவது.

அந்த வேலை அவளுக்குக் கொடுத்த இன்னொன்று, வாசம். வார்னிஷும் கருகின கம்பியும் கலந்த ஒரு வீச்சம் சேலையில், தலைமுடியில், நகக்கண்ணில் ஏறிப் போயிருந்தது. சீயக்காய் போட்டாலும் போகாது, ஷாம்பு போட்டாலும் போகாது. சாயங்காலம் உக்கடத்தில் போத்தனூர் பஸ் ஏறி உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிற பொம்பளை ஜன்னலைத் திறந்துவிடுவாள். முதலில் எல்லாம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. எவ்வளவு பழகியது என்றால், அந்த வாசம் வருகிறதா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாத அளவுக்கு.

புருஷன் அன்புமணி கிட்டார் வாசிப்பவர். சரியாகச் சொன்னால், வாசித்தவர். பாலு என்கிற பாலகோபால் நடத்தும் மெல்லிசைக் குழுவில் பதினேழு வருஷம் வாசித்தார். கோயமுத்தூரிலிருந்து கோபி வரைக்கும் அவர் ஏறாத கல்யாண மேடை இல்லை. அப்புறம் பாதி வாத்தியத்தைக் கீபோர்டு தின்றது, மீதியை லேப்டாப் தின்றது, கொரோனா வந்து மேடையையே தின்றது. கொரோனா போன பிறகு குழு மறுபடி கிளம்பியது. அன்புமணியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். "பாத்துச் சொல்றேனுங்ணா" என்பார்கள், பார்க்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

அதிலிருந்து மனுஷர் வீட்டோடு கிடந்தார். குடிக்கவில்லை, சண்டை போடவில்லை, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு மாசம் உட்கார்ந்தார், அதையும் விட்டார். பேச்சுத்தான் நின்றுபோயிற்று. பொற்கொடி பட்டறைக் கதையைச் சொல்லிக்கொண்டே சோறு போடுவாள். அவர் "ம்" கொட்டுவார். சில நாள் அந்த "ம்"மும் வராது. அவளுக்குக் குழந்தை இல்லை, அக்கம்பக்கத்தில் ஒட்டுறவும் அதிகம் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஆளும் இப்படி ஆகிப்போனது அவளை வதைத்தது. அடிக்கிற புருஷனோடு மல்லுக்கட்டும் பொம்பளைகளைக்கூட அவள் சில சமயம் பொறாமையாகப் பார்த்திருக்கிறாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை பாலகோபால் போன் செய்தார். வருகிற ஞாயிறு சாயங்காலம் காரமடையில் ஒரு கல்யாண ரிசப்ஷன், குழு ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது, "நீங்க இல்லாமயா, கண்டிப்பா வந்துருங்ணா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்புமணி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு சவரம் செய்துகொண்டார். தந்தி அழுத்த வாகாக இடது கை நகங்களை ஒட்ட வெட்டினார். பொற்கொடி வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்குள் கிட்டார் சத்தம் கேட்டு வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் பேசினார். அரை மணி நேரம் பேசினார். என்னென்ன பாட்டு இருக்கும், எதில் கிட்டார் முன்னால் வரும், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் கொஞ்சம் மங்கிக் கிடக்கிறது, வால்வு மாற்ற வேண்டும் என்று என்னவோ. அவளுக்கு வால்வு என்றால் தண்ணீர்க் குழாயில் இருப்பதுதான். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் நடந்துவிட்டால் போதும், தன் மனுஷன் தனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவார் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. விழுந்ததை யார் எடுப்பது.

அந்த ஆம்ப் போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியா போன ஒரு குடும்பம் அன்புமணியிடம் விட்டுப்போனது. டிரான்சிஸ்டர், ஐசி எதுவும் இல்லாமல் கண்ணாடி வால்வுகளில் ஓடுகிற பழைய ரகம். பின்பக்கம் குனிந்து பார்த்தால், சத்தத்துக்குப் பலம் கொடுக்கும் இரண்டு பெரிய வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புது ஜோடியை ஆன்லைனில் வரவழைத்து, புதன்கிழமை அவரே மாற்றினார். பழையதில் ஒன்று வர மறுத்தது. ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. புதியதைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார். இடது வால்வு அடக்கமாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. வலது வால்வுக்குள் இருந்த சாம்பல் நிறத் தகடோ கொல்லன் உலை இரும்பு மாதிரி சிவந்தது. ஒரு உறுமல். பட்டென்று ஃபியூஸ் போயிற்று.

அன்புமணி உக்கடத்தில் ஸ்பீக்கர், மிக்சர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகமது ரியாசுக்குப் போன் போட்டார். ரியாஸ் கெட்டிக்காரர், ஆனால் மச்சினர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆலப்புழை போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவாராம். போனிலேயே ஒரு சோதனை சொன்னார். இரண்டு வால்வையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். சிவப்பு வால்வோடு கூடவே போனால் வால்வில் கோளாறு. இருந்த இடத்திலேயே சிவந்தால் கோளாறு அந்த இடத்தில், ஆம்ப்புக்குள்ளே. பெட்டிக்குள் உபரியாக இரண்டு சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருந்தது. ஒன்றைப் போட்டு, வால்வுகளை மாற்றி வைத்தார். வலது பக்கத்து இடமே மறுபடி சிவந்தது. ஃபியூஸ் போயிற்று. நம்ப மனசில்லாமல் வியாழக்கிழமை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். மூன்றாவதும் போயிற்று.

வெள்ளிக்கிழமை அவர் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். சாப்பிடும்போது "ம்" கூட வரவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்தே அவள் ரியாசுக்குப் போன் செய்தாள். ரியாஸ் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வால்வுக்கும் அதை அடக்கி வைக்க ஒரு மைனஸ் வோல்ட் போய்ச் சேர வேண்டும். அது போகாவிட்டால் வால்வு கடிவாளம் இல்லாமல் ஓடும், அதனால்தான் சிவக்கிறது. அந்த இடத்தில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், உள்ளே இருக்கிற வோல்ட் ஆளைக் கொல்லும் என்றும் சொன்னார். நாளைக்கே புரோகிராம் என்றாள் பொற்கொடி. தான் இருபத்திரண்டு வருஷமாக மோட்டார் சுற்றுகிறவள், இணைப்பு விட்டதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்றும் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாததுங்களாக்கா," என்றார் ரியாஸ். "பாத்துச் செய்யுங்க."

வேண்டாம் தாயே, தொட்டுவிடாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது தெரியும். பொற்கொடிக்கும் தெரியும், வேறு எந்த நாளாக இருந்தாலும். அன்றைக்கு அவள் காதில் அது அனுமதியாக விழுந்தது.

பட்டறையிலிருந்து மீட்டரும் சால்டரிங் கோலும் கொண்டு வந்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் ஆம்ப்பைத் தலைகீழாகக் கட்டிலில் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினாள். அன்புமணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரியாஸ் தொடச் சொன்னாரா என்று ஒரு தடவை கேட்டார். சொன்னார் என்றாள். கெபாசிட்டரில் தங்கியிருந்த கரண்டை ஸ்குரூ டிரைவர் வைத்து வெளியே தள்ளினாள். டப்பென்று பொறி பறந்தது. இணைப்பு இருந்தால் பீப் என்கிற மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டே போனாள். வால்வு சொருகும் வலது சாக்கெட்டின் ஒரு காலுக்கு வந்தபோது மீட்டர் ஒரு தடவை பீப் என்றது, ஒரு தடவை சும்மா இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈயத்தில் வட்டமாக மயிரிழை விரிசல். வால்வைப் பிடுங்கும்போது ஆட்டியதில் விட்டிருக்கிறது.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்துப் புது ஈயம் வைத்தாள். மீட்டர் விடாமல் பீப் அடித்தது. "ஏனுங்க, கேட்டுதுங்களா," என்று திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

ஃபியூஸ் இல்லை. அதுதான் பாக்கி. போத்தனூர் எலக்ட்ரிக்கல் கடையில் அந்த அளவு கிடையாது, உக்கடம் போய் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்புமணி அதற்குள் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் தந்தி முறுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறிப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

தோட்டத்து மோட்டாரில் ஃபியூஸ் போனால் இங்கே யாரும் கடைக்கு ஓடுவதில்லை. வயரைச் சீவி ஒரு இழை செப்புக் கம்பியை எடுத்துச் சுற்றிவிட்டு, தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்கள். அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் மோட்டார் கருகுகிறது. கருகுவதால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. இருபத்திரண்டு வருஷமாக "ஏனுங்க, கம்பியைச் சுத்தி வெச்சா காயில் போகாம என்ன பண்ணும்" என்று குடியானவர்களைக் கடிந்துகொண்டவள்தான் அவள். அவளேதான் ஒரு வயரைப் பல்லால் கடித்து, ஒற்றை இழையை உருவி, செத்துப்போன கண்ணாடி ஃபியூசின் மேல் இரண்டு முனைக்கும் சுற்றினாள். ஒரு மணி நேரத்துக்குத்தானே, நாளைக் காலையில் உக்கடம் போய் நல்ல ஃபியூஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்புமணியிடம் சொல்லவில்லை. அவர் தந்தி முறுக்குவதில் இருந்தார்.

சுவிட்சைப் போட்டார்கள். இரண்டு வால்வும் ஒரே மாதிரி ஆரஞ்சாக எரிந்தன. சிவப்பே இல்லை. ஆம்ப்பைத் திருப்பி, பின்பக்கம் சுவரைப் பார்க்க வைத்தாள். அன்புமணி தந்தியை ஒரு தடவை மீட்டினார். அந்தச் சத்தம் வீட்டுத் தரையில் ஓடி அவள் உள்ளங்காலில் ஏறியது.

அவர் வாசித்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் நிறுத்தி, "பாத்தியா கொடி, இந்தச் சத்தம் லேப்டாப்ல வராது," என்றார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி கொடி என்று கூப்பிட்டார். மறுபடி வாசித்தார். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கருகல் வாசம் ஒன்று வந்தது. தன் சேலையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். இன்றைக்குக் குளிக்காமல் உட்கார்ந்துவிட்டோமே, நாளைக் காரமடைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தாள்.

வேறு எந்தப் பொம்பளையாக இருந்தாலும் அந்த வாசத்துக்கு அலறிக்கொண்டு எழுந்திருப்பாள். பொற்கொடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சத்தம் கரகரத்து அமுங்கிய பிறகுதான் கண் திறந்தது. ஆம்ப்புக்கும் சுவருக்கும் நடுவில் புகை ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

ஈயத்தைப் பார்த்தவள், வால்வின் காலைப் பிடித்துக்கொள்ளும் சாக்கெட்டின் இடுக்கு அகன்று போயிருந்ததைப் பார்க்கவில்லை. மோட்டாரில் அப்படிச் சொருகி எடுக்கும் சமாச்சாரம் எதுவும் கிடையாது, அவளுக்கு எப்படித் தெரியும். சூடேறியதும் பிடி விட்டது, வால்வு சிவந்தது. அந்த நேரத்தில் செத்து விழுந்து ஆம்ப்பைக் காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். அதன் இடத்தில்தான் ஒற்றை இழை அசையாமல் நின்றதே. கரண்டு முழுக்க ஸ்பீக்கருக்குப் போகிற டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி அதைத் தீய்த்துவிட்டது.

அவள் அதைக் கழற்றிப் பார்த்தாள். முடியைவிட மெல்லிய கம்பி, ஒரு அடுக்கு உள்ளே போகிறது, வேறொரு அடுக்கு அதன் மேல் வருகிறது, மறுபடி முதல் அடுக்கு. இழுத்த இடத்திலெல்லாம் பொடியாக உதிர்ந்தது. எத்தனை சுற்று என்று எண்ண முடியாத காயிலை அவள் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். எண்ண முடிந்தாலும் ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை. பிறகு ஃபியூசை எடுத்து அன்புமணியின் கையில் வைத்தாள்.

"நாந்தானுங்க கம்பி சுத்துனேன்," என்றாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "உடு," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பாலகோபாலிடமே ஒரு ஆம்ப் கேட்டு வாங்கி வாசிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்தவன் ஆம்ப்புக்குக் கை நீட்டிக்கொண்டு மேடை ஏறத் தன்னால் முடியாது என்றுவிட்டார். ஆனாலும் ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போகப் போகிறாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பொற்கொடி பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, ரயில்வே பாலத்தடியில் நின்று பாலகோபாலுக்குப் போன் செய்தாள்.

அண்ணன் சௌக்கியமா, சாயங்காலம் இரண்டு பேரும் வந்துவிடுவீர்கள்தானே என்று அவர் அன்பாக விசாரித்தார். ஆம்ப் கருகிப்போன கதையை அவள் சொன்னாள். வேறு ஆம்ப் ஒன்று அங்கே இருக்குமா, நீங்களாகக் கூப்பிட்டுச் சொன்னால் அவர் தட்டமாட்டார் என்றாள்.

"ஆம்ப் எதுக்குங்க்கா?" என்று கேட்டார் பாலகோபால்.

அவளுக்குப் புரியவில்லை. வாசிக்கத்தான் என்றாள்.

பாலகோபால் இழுத்து இழுத்துச் சொன்னார். "கிட்டாருக்கு நம்ம ரவிதேஜா இருக்கானுங்க்கா. ரெண்டு வருஷமா அவந்தானுங்க. முப்பது வருஷம் ஆகுதேன்னு பழைய ஆளுங்களையெல்லாம் கூப்புட்டிருக்கறேன். அண்ணன் வந்து முன்னால உக்காந்து கேட்டுப்போட்டு, ஒரு வாய் சாப்புட்டுப் போகட்டும்னுதானுங்க." பிறகு அவரே கேட்டார், "அண்ணன் வாசிக்கறதுக்குன்னு நெனச்சுட்டாருங்களா?"

வந்துருங்ணா. அவர் சொன்னது அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வாருங்கள் என்று ஊரே ஊரைக் கூப்பிடுகிற வார்த்தை. அதைக் கேட்டுத்தான் ஒரு மனுஷன் நகம் வெட்டி, வால்வு மாற்றி, ஒருத்தி கம்பியைச் சுற்றி, வீடெல்லாம் புகை.

"இல்லீங்க, இல்லீங்க," என்றாள் பொற்கொடி. "நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டேன். அவருக்குத் தெரியாதுங்க."

வேண்டுமானால் அண்ணன் ஒரு பாட்டு வாசிக்கட்டும், ரவிதேஜாவை இறங்கச் சொல்கிறேன் என்றார் பாலகோபால். நல்ல மனுஷர்தான். அவர் குரலில் இருந்த இரக்கம் அவளைச் சுட்டது. தன் புருஷனுக்கு நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல், வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். அன்புமணி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கையில் பால் இல்லாததைப் பார்த்து, பாலுவுக்குப் போன் பண்ணினாயா என்று கேட்டார். உண்மையைச் சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். உன்னை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை, இரண்டு வருஷமாக உன் இடத்தில் வேறொரு பையன் நிற்கிறான் என்று இந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது.

"பண்ணுனேனுங்க. ரொம்ப வருத்தப்பட்டாரு," என்றாள். "அண்ணன் கிட்டாரை நம்பித்தான் பாட்டெல்லாம் முடிவு பண்ணிருந்தாராமா. வேற ஆம்ப்பும் இல்லீங்களாம். வேற வழியில்லாம கீபோர்டை வெச்சு ஓட்டிக்கறேன்னாரு."

அன்புமணி எழுந்தார். முகம் மாறியது. நேற்று வராத கோபம் இப்போது வந்தது. தான் இல்லாமல் அங்கே ஒரு மேடை தவிக்கிறது என்று தெரிந்தால் எவனுக்கும் வரும்தான்.

"தெரியாத வேலையில எதுக்குடி கை வெச்சே?" என்றார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை டி போட்டார். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் தீய்ச்சுப்போட்டியே."

"ஆமாங்க," என்றாள் பொற்கொடி. "என்னாலதானுங்க."

சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் எறிந்துவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிட எழுந்து வரவில்லை. அவளும் சாப்பிடவில்லை. சாயங்காலம் காரமடையில் பாட்டு ஆரம்பித்திருக்கும் நேரத்துக்கு, கதவுப் பக்கம் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், "பாலு அடுத்த புரோகிராமுக்குக் கூப்புடுவான்ல?" என்று கேட்டார்.

"கூப்புடுவாருங்க," என்றாள்.